நட்சத்திரப் படங்களுக்கு ஒரு வெள்ளைத் தாள்: பிளாட் பிரேம் எடுப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் அடுத்ததாக வாங்குவது ஒரு நல்ல டிஜிட்டல் கேமராவைத்தான். கேமரா வந்த பின், மொட்டை மாடிக்குச் சென்று அதை ஒருமுறையாவது வானத்தை நோக்கித் திருப்பிப் பார்க்காதவர்கள் குறைவு. ஸ்டாண்டில் பொருத்தப்பட்ட கேமராவும், வானம் நகரும் வேகத்திற்கு ஏற்பத் திரும்பும் சிறிய டிராக்கரும் இருந்தால், 1,300 ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள ஓரியன் நெபுலாவை வீட்டிலிருந்தே படம் பிடித்துவிடலாம்.

ஆனால் படம் பிடிப்பது பாதி வேலைதான். ஒரு நிமிட அளவில் எடுத்த 60 படங்களைக் கம்ப்யூட்டரில் ஒன்றாக அடுக்கி, மங்கலாக உள்ள பகுதிகளை வெளிச்சமாக்கும்போது நெபுலாவுடன் வேறு சிலவும் வெளியே வருகின்றன. நான்கு மூலைகளும் கருத்துக் கிடக்கின்றன. ஆங்காங்கே சாம்பல் நிற வட்டங்கள் தெரிகின்றன. வட்டம் என்றால் தூசி என்று சொல்லிவிடலாம். ஆனால் வடிவமில்லாமல் மங்கலாகத் தெரியும் ஒரு கருந்திட்டு, வானத்தில் உண்மையாகவே உள்ள தூசி மேகமா, அல்லது உங்கள் கேமராவுக்குள் உட்கார்ந்திருக்கும் தூசியா?

படத்தை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. போட்டோ எடிட்டிங் சாப்ட்வேரில் அந்த இடத்தை அழித்துச் சரி செய்தால், உண்மையான மேகத்தையும் சேர்த்து அழித்துவிடும் அபாயம் உண்டு. இதற்கான சரியான தீர்வுதான் பிளாட் பிரேம். செலவு ஏதும் இல்லை. ஒரு வெள்ளைப் பனியனும் பத்து நிமிட நேரமும் போதும்.

பிளாட் பிரேம் என்றால் என்ன?

எங்கும் ஒரே அளவு வெளிச்சம் உள்ள ஒரு வெள்ளைப் பரப்பை, வானத்தைப் படம் எடுத்த அதே கேமரா அமைப்பில் எடுக்கும் படமே பிளாட் பிரேம். நாம் காட்டியது சீரான வெள்ளை. எனவே படத்தில் எங்கேனும் ஏற்ற இறக்கம் தெரிந்தால், அது முழுவதும் நம் கருவியின் குறை.

குறைகள் மூன்று வகை. முதலாவது, லென்ஸ் அல்லது டெலஸ்கோப்பின் நடுப்பகுதியை விட ஓரங்களுக்குக் குறைவான ஒளியே சென்று சேர்கிறது. இரண்டாவது, சென்சாரின் மேல் உள்ள கண்ணாடியிலும் பில்டரிலும் ஒட்டியிருக்கும் தூசியின் நிழல். மூன்றாவது, சென்சாரில் உள்ள கோடிக்கணக்கான பிக்சல்கள் அனைத்தும் ஒரே அளவு உணர்திறன் கொண்டவை அல்ல. ஒரே ஒளிக்கு ஒரு பிக்சல் சற்றுக் கூடுதலாகவும், பக்கத்துப் பிக்சல் சற்றுக் குறைவாகவும் எண் தரும்.

இந்த ஏற்பாடு புதியதல்ல. உங்கள் மேஜையில் உள்ள பிளாட்பெட் ஸ்கேனரின் உள்ளே, கண்ணாடிக்கு ஓரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். ஸ்கேன் செய்யும் முன் ஸ்கேனர் அந்தப் பட்டையைப் படித்து, தன் விளக்கும் சென்சாரும் எங்கெங்கே மங்கல் என்று தெரிந்துகொள்கிறது. செல்போன் கேமராவிலும், ஓர இருட்டைச் சரி செய்வதற்கான அளவுகள் முன்பே பதிவு செய்யப்பட்டுள்ளன. வானத்தைப் படம் எடுக்கும்போது அந்த வேலையை நாமே செய்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரிய ஆய்வகங்களும் இதிலிருந்து தப்ப முடியாது. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியில் 1993 முதல் 2009 வரை இயங்கிய வைட் பீல்ட் அண்ட் பிளானட்டரி கேமரா 2 என்ற கேமராவிற்கு, வெயில் படும் பூமியையே வெள்ளைப் பரப்பாகக் கொண்டு பிளாட் படங்கள் எடுத்தார்கள். சிலி நாட்டில் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் ஆய்வகத்தின் கேமரா 3,200 மெகாபிக்சல் திறன் கொண்டது. அதற்கு பிளாட் எடுப்பதற்கென்றே கூண்டின் உள்ளே ஒரு பெரிய திரை வைத்துள்ளார்கள்.

வகுத்தல் கணக்கு

மளிகைக் கடையில் ஒரு தராசு, 1 கிலோ வைத்தால் 700 கிராம்தான் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தராசைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அது காட்டும் எடையை 0.7 ஆல் வகுத்தால் சரியான எடை கிடைத்துவிடும். பிளாட் பிரேம் செய்வதும் இதேதான். ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு குறைத்துக் காட்டும் தராசு என்று அது சொல்லிவிடும்.

எண்களில் பார்ப்போம். பிளாட் பிரேமில் நடுப் பிக்சலின் மதிப்பு 8,000, மூலைப் பிக்சல் 5,600, தூசி நிழலில் உள்ள பிக்சல் 7,600 என்று இருக்கட்டும். எல்லாவற்றையும் 8,000 ஆல் வகுத்தால் 1, 0.7, 0.95 என்று வரும். இனி வானத்தின் படத்தில் அதே பிக்சல்களின் மதிப்புகள் 3,000, 2,100, 2,850. இவற்றை முறையே 1, 0.7, 0.95 ஆல் வகுங்கள். மூன்றுக்கும் விடை 3,000. மூலை இருட்டும் போயிற்று, தூசி நிழலும் போயிற்று. வானத்தில் உண்மையாகவே ஒரு கருமேகம் இருந்திருந்தால் அது பிளாட் பிரேமில் இருக்காது. எனவே வகுத்த பின்பும் படத்தில் அப்படியே நிற்கும்.

இங்கு ஒரு நிபந்தனை உண்டு. எண்ணெய் வாங்கும்போது பாத்திரத்தின் எடையை முதலில் கழித்துவிடுகிறோம் அல்லவா? கேமராவும் ஒளியே படாத பிக்சலுக்கு 0 தருவதில்லை. ஒரு குறிப்பிட்ட எண்ணைச் சேர்த்தே தருகிறது. அது 500 என்று கொள்வோம். மேலே சொன்ன வானப் படத்தில் நடுப் பிக்சல் 3,500 ஆகவும் மூலைப் பிக்சல் 2,600 ஆகவும் இருக்கும். பிளாட்டில் 8,500, 6,100. கழிக்காமல் அப்படியே வகுத்தால் மூலையின் மதிப்பு சுமார் 3,623 என்று வரும். நடுவில் 3,500. அதாவது இருண்டிருந்த மூலை இப்போது நடுப்பகுதியை விட வெளிச்சமாகிவிட்டது. பிளாட் போட்டும் படம் கெட்டுப் போகிறது என்று சொல்பவர்களின் படங்களில் பெரும்பாலும் விடுபட்டிருப்பது இந்தக் கழித்தல்தான்.

தேவைப்படும் நான்கு வகைப் படங்கள்

1. லைட் பிரேம்: வானத்தின் படம். உதாரணமாக 60 படங்கள்.

2. டார்க் பிரேம்: லென்ஸை மூடிவிட்டு, லைட் பிரேமின் அதே எக்ஸ்போஷர் நேரம், அதே ஐ.எஸ்.ஓ., ஏறக்குறைய அதே வெப்பநிலையில் எடுப்பது. சென்சார் சூட்டினால் வரும் புள்ளிகளை இது கழித்துத் தரும். 20 முதல் 30 படங்கள்.

3. பயாஸ் பிரேம்: லென்ஸை மூடி, கேமராவின் மிகக் குறைந்த எக்ஸ்போஷரில், உதாரணமாக 1/4000 விநாடியில் எடுப்பது. பாத்திரத்தின் எடை இதுதான். 30 முதல் 50 படங்கள்.

4. பிளாட் பிரேம்: 20 முதல் 30 படங்கள்.

பிளாட் ஒன்றே போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒவ்வொரு படத்திலும் சிறிது இரைச்சல் இருக்கும். அந்தப் படத்தால் வகுக்கும்போது அதன் இரைச்சலும் நம் வானப் படத்தில் ஏறிவிடும். 25 பிளாட்களின் சராசரியை எடுத்தால் இரைச்சல் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. இந்தச் சராசரிப் படத்தை மாஸ்டர் பிளாட் என்பார்கள்.

எல்லாப் படங்களையும் ரா பார்மட்டில்தான் எடுக்க வேண்டும். ஜேபெக் பைலில் கேமரா தானாகவே வெளிச்சத்தை மாற்றிவிடுவதால் மேலே பார்த்த கணக்கு அதில் சரியாக வராது.

வெள்ளைப் பரப்புக்கு எங்கே போவது?

மூன்று வழிகள் உள்ளன. உங்களுக்கு வசதியானதைத் தேர்ந்தெடுங்கள்.

அந்தி வானம்: சூரியன் மறைந்து சிறிது நேரம் கழித்து, மேகம் இல்லாத உச்சி வானத்தைப் படம் எடுக்கலாம். கேமராவைச் சூரியன் இருக்கும் திசையில் திருப்பக் கூடாது. நட்சத்திரங்கள் தெரியத் தொடங்கும் முன் முடித்துவிட வேண்டும். தமிழகம் போலப் பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள இடங்களில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி நேரம் சுருக்கமாக முடிந்துவிடும். எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

வெள்ளைப் பனியன்: லென்ஸ் அல்லது டெலஸ்கோப்பின் முன்பகுதியில் வெள்ளைப் பருத்தித் துணியை இரண்டாக மடித்துச் சுருக்கம் இல்லாமல் கட்டி, ரப்பர் பேண்ட் போடுங்கள். அதிகாலையில் வெளிச்சம் வரத் தொடங்கும்போது வானத்தை நோக்கிப் படம் எடுங்கள். இரவு முழுவதும் படம் எடுத்து முடித்தவர்களுக்கு இதுவே எளிது.

மானிட்டர் அல்லது டேப்ளட்: ஒரு வெள்ளை நிறப் படத்தைத் திறந்து முழுத்திரையில் காட்டுங்கள். திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். டேப்ளட்டை லென்ஸின் மேல், இடையில் சில வெள்ளைத் தாள்களை வைத்துப் படுக்க வைக்கலாம். மானிட்டரின் ஒளி நம் கண்ணுக்குத் தெரியாமல் மின்னிக்கொண்டிருக்கும். எக்ஸ்போஷர் மிகக் குறைவாக இருந்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழும். எனவே தாள்களைக் கூட்டி வெளிச்சத்தைக் குறைத்து, அரை விநாடி அல்லது அதற்கு மேல் எக்ஸ்போஷர் வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போஷர் சில விநாடிகளுக்கு மேல் போனால், பயாஸுக்குப் பதிலாக அதே நேர அளவில் லென்ஸை மூடி எடுத்த படங்களைப் பயன்படுத்துவது நல்லது. இவற்றை டார்க் பிளாட் என்பார்கள்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

கேமராவைக் கழற்றக் கூடாது. போகஸைத் தொடக் கூடாது. ஜூம், அபெர்ச்சர், பில்டர், கேமரா பொருத்தப்பட்ட கோணம் என எதையும் மாற்றக் கூடாது. இவற்றில் ஒன்று மாறினாலும் தூசி நிழல் விழும் இடம் மாறிவிடும். பிளாட்டை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். அடுத்த வாரம் கேமராவை மறுபடி மாட்டி எடுக்கும் பிளாட், அடுத்த வாரப் படத்திற்குத்தான் பொருந்தும். இந்த வாரம் விட்டது விட்டதுதான்.

ஐ.எஸ்.ஓ. அளவும் லைட் பிரேமில் வைத்ததாகவே இருக்கட்டும். கேமராவை ஏ.வி. அல்லது ஏ எனக் குறிக்கப்பட்ட நிலையில் வைத்தால் எக்ஸ்போஷரைக் கேமராவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மலை போன்ற வடிவம் இடது ஓரத்திலும் இல்லாமல் வலது ஓரத்தையும் தொடாமல், மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரையிலான இடத்தில் இருந்தால் சரி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே பாருங்கள். வலது ஓரத்தை ஒரு நிறம் தொட்டுவிட்டால்கூட அந்த நிறத்தில் அளவு தவறிவிடும். அந்தி வானம் நீலமாக இருப்பதால், வானத்தைக் கொண்டு பிளாட் எடுக்கும்போது நீல நிறத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

முதலில் இடம். 24 மெகாபிக்சல் கேமராவின் ரா பைல் ஒன்று 25 மெகாபைட் என்று வைத்தால், 170 படங்களுக்கு 4 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல் ஆகும். வேலை நடக்கும்போது உருவாகும் தற்காலிக பைல்கள் இதைவிடப் பெரியவை. ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிறங்கள், ஒவ்வொரு நிறத்திற்கும் 4 பைட் என்று வைத்தால் ஒரு படமே 288 மெகாபைட் ஆகிறது. 60 லைட் பிரேம்களுக்கு 17 ஜிகாபைட். எனவே ஹார்ட் டிஸ்க்கில் 40 ஜிகாபைட் அளவுக்காவது காலி இடம் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அடுத்து, நான்கு வகைப் படங்களையும் நான்கு தனித்தனிப் போல்டர்களில் போடுங்கள். கலந்துவிட்டால் டார்க் எது, பயாஸ் எது என்று கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். இரண்டுமே கறுப்பாகத்தான் இருக்கும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். அதில் செய்ய வேண்டியவை:

1. இடது பக்க மெனுவில் ஓப்பன் பிக்சர் பைல்ஸ் என்பதில் கிளிக் செய்து லைட் பிரேம்களைத் தேர்ந்தெடுங்கள்.

2. அதன் கீழே உள்ள டார்க் பைல்ஸ், பிளாட் பைல்ஸ், ஆப்செட்/பயாஸ் பைல்ஸ் ஆகியவற்றில் கிளிக் செய்து அந்தந்தப் போல்டரைக் காட்டுங்கள்.

3. செக் ஆல் கொடுங்கள். பின் ரிஜிஸ்டர் செக்டு பிக்சர்ஸ் கொடுங்கள். நட்சத்திரங்களை வைத்துப் படங்களை ஒன்றோடு ஒன்று பொருத்தும் வேலை இது.

4. இறுதியாக ஸ்டாக் செக்டு பிக்சர்ஸ். பயாஸைக் கழிப்பது, மாஸ்டர் பிளாட் தயாரிப்பது, வகுப்பது, அடுக்குவது எல்லாவற்றையும் சாப்ட்வேரே பார்த்துக்கொள்ளும்.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு சிரில் என்ற இலவச சாப்ட்வேர் உள்ளது. விண்டோஸிலும் இயங்கும். இதில் போல்டர்களுக்கு லைட்ஸ், டார்க்ஸ், பிளாட்ஸ், பயாசஸ் என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பெயரிட்டு, அதனுடன் வரும் ஸ்கிரிப்ட்டை இயக்கினால் போதும்.

கிடைக்கும் படம் முதலில் ஏறக்குறைய முழுக் கறுப்பாகத் தெரியும். பயப்பட வேண்டாம். கிம்ப் சாப்ட்வேரில் திறந்து கர்வ்ஸ் மூலம் மங்கலான பகுதியைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். 2018-ல் வந்த 2.10 பதிப்பிலிருந்து கிம்ப் 32 பிட் படங்களைக் கையாள்கிறது.

பிளாட் சரியாக வேலை செய்யவில்லையா?

மூலைகள் நடுப்பகுதியை விட வெளிச்சமாகிவிட்டால், பயாஸ் பிரேம்கள் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். அவை இருந்தும் இப்படி வந்தால், பிளாட் எடுக்கும்போது பக்கவாட்டிலிருந்து ஒளி உள்ளே கசிந்திருக்கலாம். டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் வியூபைண்டரையும் மூட வேண்டும்.

மூலைகள் இன்னும் இருட்டாகவே இருந்தால், பிளாட் அதிக வெளிச்சத்தில் எடுக்கப்பட்டு, நடுப் பிக்சல்கள் உச்ச அளவைத் தொட்டு நின்றிருக்கலாம்.

ஒவ்வொரு தூசி வட்டத்தின் பக்கத்திலும் ஒரு வெளிச்ச வட்டம் சேர்ந்து, புடைப்பாகப் பதித்த முத்திரை போலத் தெரிந்தால், இரண்டு படங்களுக்கும் இடையில் கேமரா திரும்பியிருக்கிறது அல்லது தூசி நகர்ந்திருக்கிறது.

படத்தின் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சமாக இருந்தால் குற்றம் பிளாட்டினுடையது அல்ல. அது தெருவிளக்கும் நகர வெளிச்சமும் செய்யும் வேலை. அதை நீக்குவதற்கு சிரிலில் பேக்கிரவுண்ட் எக்ஸ்ட்ராக்‌ஷன் என்ற தனி வசதி உண்டு. பிளாட்டால் வகுத்த பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும்.

தூசி எங்கே ஒட்டியிருக்கிறது?

நிழலின் அளவைக் கொண்டே இதைக் கண்டுபிடிக்கலாம். நிழலின் விட்டத்தை எப்-நம்பரால் பெருக்கினால், சென்சாரிலிருந்து தூசி எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று தெரிந்துவிடும். 4.3 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமராவில், எப்-நம்பர் 5 உள்ள டெலஸ்கோப்பில், நிழல் 100 பிக்சல் அகலம் என்றால் 0.43 மில்லிமீட்டர். ஐந்தால் பெருக்கினால் சுமார் 2 மில்லிமீட்டர். தூசி சென்சாரை மூடியுள்ள கண்ணாடியின் மேல் இருக்கிறது. 1,000 பிக்சல் அகலம் என்றால் 21 மில்லிமீட்டருக்கு மேல். முன்னால் மாட்டிய பில்டரைத் துடையுங்கள். லென்ஸின் வெளிக் கண்ணாடியில் உள்ள தூசி நிழலாகத் தெரியாது. படம் முழுவதும் பரவிக் கரைந்துவிடும். அதைத் துடைத்துத் துடைத்து வட்டம் போகவில்லையே என்று கவலைப்படுவதில் பயனில்லை.

அழகுக்கு மட்டும்தானா?

திருவாதிரை நட்சத்திரம் 2019-ன் இறுதியில் மங்கத் தொடங்கியது. வழக்கமாக 0.5 என்ற அளவை ஒட்டி இருக்கும் அதன் ஒளி, 2020 பிப்ரவரியில் 1.6 வரை இறங்கியது. எண் கூடினால் ஒளி குறைவு என்று பொருள். வெடிக்கப் போகிறதோ என்ற பேச்சுகூட எழுந்தது. அந்த நட்சத்திரம் வெளியேற்றிய வாயுவில் உருவான தூசியே அதை மறைத்தது என்பது பின்னர் வந்த ஆய்வுகளின் முடிவு. அமெரிக்காவில் 1911-ல் தொடங்கப்பட்ட மாறும் நட்சத்திரங்களைக் கவனிப்போர் சங்கம், இப்படிப்பட்ட அளவுகளை வீட்டிலிருந்து எடுப்பவர்களிடமிருந்தும் பெற்றுக்கொள்கிறது.

இப்போது நம் கேமராவின் மூலையை நினைத்துப் பாருங்கள். அங்கே 30 சதவீத ஒளி குறைந்தால் ஒரு நட்சத்திரம் 0.39 அளவு மங்கியதாகத் தெரியும். திருவாதிரையின் மொத்த மங்கலில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! பிற நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைக் கண்டுபிடிப்பது இதைவிட நுட்பமானது. 1999-ல், பெகாசஸ் மண்டலத்தில் உள்ள எச்.டி. 209458 என்ற நட்சத்திரத்தின் குறுக்கே அதன் கோள் கடந்தபோது குறைந்த ஒளி 1.5 சதவீதம் அளவுதான். நாம் மேலே உதாரணமாகப் பார்த்த தூசி நிழலில் 5 சதவீதம் குறைந்தது. நட்சத்திரம் சில பிக்சல்கள் நகர்ந்து அப்படியொரு நிழலுக்குள் நுழைந்தால், இல்லாத கோள் ஒன்று கணக்கில் வந்துவிடும்.

அங்கேயும் தூசி உண்டு, இங்கேயும் தூசி உண்டு. எது எங்கே உள்ளது என்று பிரித்துச் சொல்வது பிளாட் பிரேம்தான். அடுத்த முறை வானத்தைப் படம் எடுத்து முடித்தவுடன் கேமராவைப் பையில் வைத்துவிடாதீர்கள். கழற்றும் முன் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி 25 பிளாட் எடுத்துவிடுங்கள். ஒரே இரவின் படங்களை பிளாட் இல்லாமலும் பிளாட்டுடனும் இரண்டு முறை அடுக்கி, மானிட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.